ஈஸ்டர் கப்கேக்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: ஈஸ்டருக்குச் செய்யும் கப்கேக்கில் பட்டர் கிரீம் பூ அரை மணி நேரத்தில் வழிந்துவிடுகிறது. ஐசிங் சுகரைக் கூட்டியும் நிற்கவில்லையே?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில்தான் வரும். நம் ஊரில் அப்போது வெயில் ஏறிவிடும். வெண்ணெய் 30 டிகிரியை நெருங்கும்போதே தளரும், 35-ல் உருகிவிடும். சர்க்கரையைக் கூட்டினால் தித்திப்பு ஏறுமே தவிர, வெண்ணெய் உருகுவது நிற்காது. மாற்ற வேண்டியது கொழுப்பை.

12 கப்கேக்குக்கு உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், கேக் சாமான் கடையில் கிடைக்கும் வெள்ளை ஷார்ட்டனிங் (சூட்டில் வெண்ணெய் போல் சீக்கிரம் உருகாத கெட்டித் தாவரக் கொழுப்பு) 100 கிராம், சலித்த ஐசிங் சுகர் 400 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். பால் ஒரு டீஸ்பூன் போதும். ஷார்ட்டனிங் பாதிக்கு மேல் போனால் மேலண்ணத்தில் ஒட்டும், ருசியும் போய்விடும். வெண்ணெயை விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் எண்ணெய்ப் பளபளப்பு தெரியக்கூடாது. இரண்டு கொழுப்பையும் ஐந்து நிமிடம் அடித்த பிறகு சர்க்கரையை மூன்று தடவையாகச் சேருங்கள். கிரீம் தளர்ந்து மினுங்கினால் பாத்திரத்தோடு 10 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து மறுபடி அடித்தால் சரியாகும்.

பைப்பிங் பேக்கைப் பாதிதான் நிரப்ப வேண்டும். உள்ளங்கைச் சூட்டிலேயே கிரீம் இளகும். பை நிறைய இருந்தால் கடைசிப் பூக்களின் விளிம்பு மழுங்கிப்போகும். கேக் மேலே ஆறியிருந்தாலும் அடியைத் தொட்டுப் பாருங்கள். அடியில் சூடு இருந்தால் பூ சரிந்துவிடும்.

கேள்வி: பறவைக்கூடும் குட்டி முட்டைகளும் வைத்து அலங்கரிக்க ஆசை. எப்படி?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: கூட்டுக்குக் கடையில் விற்கும் உலர்ந்த தேங்காய்த் துருவல்தான் வேண்டும். புதுத் தேங்காய் நீர் விடும், சாயங்காலத்துக்குள் ஊசிப்போகும். 50 கிராம் துருவலுக்கு, பல் குத்தும் குச்சியின் நுனியில் எடுத்த பச்சை ஜெல் கலரை அரை டீஸ்பூன் தண்ணீரில் கரைத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் குலுக்கி, தட்டில் பரப்பி உலர்த்துங்கள். துளி மஞ்சள் சேர்த்தால் இளம்புல் நிறம் வரும். வெறும் பச்சை கண்ணை அடிக்கும்.

முட்டைக்கு முந்திரி மார்சிபான் செய்யலாம். 100 கிராம் முந்திரியை மிக்ஸியில் விட்டுவிட்டுச் சுற்றிச் சலியுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் பிரிந்து மாவு சேராது. 100 கிராம் ஐசிங் சுகர் கலந்து, பன்னீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிசைந்து, சுண்டைக்காய் அளவில் உருட்டுங்கள். கோக்கோவைச் சிறிது தண்ணீரில் கரைத்து பிரஷ்ஷால் தெளித்தால் முட்டை ஓட்டுப் புள்ளிகள் விழும். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் வியர்த்து நிறம் ஓடும். பரிமாறும்போது கூட்டில் வைத்தால் போதும்.

கேள்வி: நீலம் கலந்தால் கிரீம் பச்சையாகிறது. ஏன்?
– வாசகர், திருச்சி

பதில்: வெண்ணெயின் மஞ்சள்தான் காரணம். வெண்ணெயை வெளுக்கும்வரை அடித்து, நீலத்துக்கு முன் ஊதா ஜெல் கலரைக் குச்சி நுனியளவு சேருங்கள். வைத்திருக்க வைத்திருக்க நிறம் கூடும் என்பதால், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கலக்கலாம்.

கேள்வி: பேப்பர் கப் கேக்கை விட்டு உரிந்து வருகிறது.
– வாசகி, வேளாங்கண்ணி

பதில்: சூட்டோடு தட்டிலேயே விட்டுவிடுவதால் ஆவி உள்ளே தங்குகிறது. ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கம்பி ரேக்கில் வையுங்கள். முழுக்க ஆறாமல் டப்பாவில் மூடாதீர்கள்.