பாஃபின் பே: சின்ன ட்ரவுட் மட்டும்தான் சிக்குகிறதா?

டெக்சஸ் கடலோரத்துப் பாஃபின் பே விரிகுடாவில் தக்கைக்குக் கீழே இறால் கட்டிப் போட்டால் சின்ன ஸ்பெக்கிள்டு ட்ரவுட்தான் (உடம்பில் புள்ளி உள்ள கடல் மீன்) வருகிறது, பெரிசு எங்கே என்று கேட்டிருந்தீர்கள். முதலில் இரையை மாற்றுங்கள். பெரிய ட்ரவுட் (ஏறக்குறைய எல்லாமே பெட்டைதான்) இறாலைவிட மடவை மீனைத்தான் அதிகம் தேடும். குளிர்காலத்தில்தான் போகிறீர்கள் என்றால், வெயில் அடிக்கிற பிற்பகலில் முழங்கால், இடுப்பளவுத் தண்ணீர் உள்ள சேற்றுப் பக்கம் பாருங்கள். மடவை பதறித் துள்ளினால் அங்கேயே நின்றுவிடுங்கள். மெதுவாக அமிழும் மடவை வடிவ லூரை (செயற்கை இரையை) எறிந்து, லேசாக ஒரு சுண்டு, அப்புறம் சும்மா விடுங்கள். பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் கடிக்கும். கைக்கு ‘டொக்’ என்று தெரியும். ட்ரவுட்டுக்கு வாய் மென்மை, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து தூண்டில் முள் கழன்றுவிடும். ரீலில் நரம்பு ஓடுவதைக் கட்டுப்படுத்தும் டிராக்கைக் கொஞ்சம் தளர்த்தியே வையுங்கள். தண்ணீருக்குள் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள், சேற்றில் திருக்கை படுத்திருக்கலாம்.