ஸ்டீமில் கேம் போட ஒன்றரை லட்சம் எதற்கு?

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறேன். ஐடி வேலை பார்த்துக்கொண்டே, இரண்டு வருடமாக ராத்திரிகளில் ஒரு ஃபேன்டஸி ரோல்பிளேயிங் கேம் செய்கிறேன். எட்டு மணி நேரக் கதை. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் போட ஆசை. "தனி ஆள் ஸ்டீமில் போட முடியாது, கம்பெனி வேண்டும். ஒன்றரை லட்சம் கொடுங்கள், நாங்கள் வெளியிடுகிறோம். ஆனால் 40 மணி நேரம் ஓடினால்தான் விற்கும்" என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. தனி ஆளாகவே போடலாம். ஒரு கேமுக்கு ஸ்டீம் வாங்கும் கட்டணம் 100 டாலர். அந்த கேம் 1,000 டாலர் சம்பாதித்துவிட்டால் அதையும் திருப்பித் தந்துவிடுவார்கள். விற்பனையில் 30 சதவீதம் அவர்கள் பங்கு. உங்கள் பெயரில் வங்கிக் கணக்கும் பான் எண்ணும் இருந்தால் போதும். அமெரிக்க வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து, இந்தியாவோடு உள்ள வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட மறக்காதீர்கள். அமெரிக்க விற்பனையில் பிடிக்கும் வரி 30 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறையும்.

கட்டணம் கட்டிய பிறகு 30 நாள் காத்திருக்க வேண்டும். 'விரைவில்' என்ற அறிவிப்போடு கேமின் பக்கம் இரண்டு வாரமாவது இருக்க வேண்டும். "உள்ளே ஆள் இருக்கிறார், சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்று புரோக்கர்கள் காசாக்குவது இந்தக் காத்திருப்பைத்தான். நம்பாதீர்கள்.

பணத்தைவிட எனக்குப் பயம், கணக்கு யார் பெயரில் என்பதில். அவர் கணக்கில் ஏற்றினால் வருமானம், விமர்சனங்கள், விஷ்லிஸ்ட் (பிறகு வாங்கலாம் என்று ஆட்கள் குறித்து வைக்கும் பட்டியல்) எல்லாம் அவர் கையில். என்னிடம் வந்த ஒரு பையன், தன் கேமில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தக்கூட அடுத்தவரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தில் காலம் எழுதாமல் விட்டால், பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் ஐந்து வருடம்தான். இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். இது தெரிந்துதான் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று நடுவில் ஒரு வரி செருகுவார்கள். அந்த வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

நீங்கள் செய்த கேம் உங்களுடையதுதான். ஆனால் அதற்கு ஒரு விலக்கு உண்டு. நீங்கள் ஐடி வேலையில் இருப்பதால் இதை அழுத்தியே சொல்கிறேன். வேலையின் பகுதியாகச் செய்த படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளிதான். 1957-ம் வருடச் சட்டத்தின் 17-வது பிரிவு இது. ராத்திரியில், வீட்டில், சொந்தக் கம்ப்யூட்டரில் செய்தது பொதுவாக இதில் வராது. ஆனால் சேரும் நாளில் இருபது பக்கத்தை நீட்டி, படிக்க நேரம் கொடுக்காமல் கையெழுத்து வாங்குகிறார்களே, அதில் 'பணிக்காலத்தில் உருவாக்கிய அனைத்தும்' என்று இருக்கலாம். தேடிப் படியுங்கள். ஆபீஸ் லேப்டாப்பிலோ ஆபீஸ் மெயிலிலோ ஒரு ஃபைல் இருந்தாலும் இன்றே வெளியே எடுத்துவிடுங்கள். அப்புறம் எச்.ஆரிடம் 'ஆட்சேபணை இல்லை' என்று ஒரு மெயில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது. அந்த மெயில் வந்த பிறகு 100 டாலரைக் கட்டுங்கள்.

இசை போட்டுக் கொடுத்த நண்பரிடமும் எழுதி வாங்குங்கள். காசு கொடுத்தாலும் எழுத்தில் இல்லாமல் உரிமை கைமாறாது.

டாலர் வரும்போது வங்கியில் அலைய வேண்டியிருக்கும். "கேம் விற்ற காசா, லாட்டரியா?" என்று கேட்டு என்னை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். இத்தனை பேர் கேம் செய்யும் ஊரில் இன்னும் இந்தக் கேள்வி! ஸ்டீம் அனுப்பும் மாதக் கணக்கை அச்செடுத்துக் கொண்டு போங்கள்.

சரி, அந்த 40 மணி நேரம். 2015-ல் வந்த அண்டர்டேல் என்ற ரோல்பிளேயிங் கேம் ஏறக்குறைய ஆறேழு மணி நேரத்தில் முடிந்துவிடும். உலகம் முழுக்க விளையாடினார்கள். உங்கள் எட்டு மணி நேரம் தாராளம். இழுத்தால் 'பத்து ஓநாய் கொன்று வா' என்று வேலை வைப்பீர்கள், வேறென்ன? நீங்கள் பார்க்க வேண்டியது முதல் இரண்டு மணி நேரத்தை. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தந்துவிடும். ஆரம்பத்திலேயே ராஜ வம்ச வரலாற்றை ஓட விடாதீர்கள். கையில் வாளைக் கொடுங்கள், வரலாறு வழியில் வரட்டும். முதல் ஊரை மட்டும் ஒரு நண்பரிடம் விளையாடக் கொடுத்து, பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்து பாருங்கள். அவர் முழிக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு அதைத் திருத்துங்கள்.