பிசிஓஎஸ் இருந்தால் ஐவிஎஃப் மட்டும்தான் வழியா?

பட்டர்வொர்த்திலிருந்து கேட்டிருக்கும் சகோதரி, வயது 29, மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான், கல்யாணமாகி இரண்டு வருடம், பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி எனப்படும் ஹார்மோன் கோளாறு) இருக்கிறது, குழந்தைக்காக வீட்டில் ஐவிஎஃப் (கருவை உடலுக்கு வெளியே உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) பேச்சு எழுந்துவிட்டது என்கிறீர்கள்.

அவசரப்படாதீர்கள். பிசிஓஎஸ்ஸில் பொதுவாகக் கருமுட்டைக்குக் குறைவில்லை, அது முதிர்ந்து வெளியே வருவதுதான் ஒழுங்காக நடப்பதில்லை, அதனால் வைத்தியமும் அங்கேதான் தொடங்கும். இப்போது முதலில் கொடுப்பது முட்டையை முதிர்ந்து வெளியே வரவைக்கும் லெட்ரோசோல்: மாதவிடாயின் 2 அல்லது 3ஆம் நாளிலிருந்து ஐந்து நாள் மாத்திரை, அப்புறம் முட்டை வளர்கிறதா என்று ஸ்கேன். கூகுளில் தேடினால் மார்பகப் புற்றுநோய் மருந்து என்று வரும், பயந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், இதே வேலைக்கான பழைய மாத்திரையான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 விழுக்காட்டினருக்கும் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது.

எடை கூடுதலாக இருந்தால் 5 விழுக்காடு குறைந்தாலே, அதாவது 80 கிலோவில் 4 கிலோ, சிலருக்கு மாதவிடாய் தானாகவே சீராகிவிடுகிறது. மாத்திரை பலிக்காவிட்டால்தான் முட்டை வளர ஹார்மோன் ஊசி, அதற்கும் பிறகு ஐவிஎஃப்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மருந்து தொடங்கும் முன் உங்கள் கணவருக்கும் விந்தணுப் பரிசோதனை செய்யுங்கள், நம் குடும்பங்களில் பெண்ணை மட்டுமே கிளினிக் கிளினிக்காக அலையவிடுகிறார்கள், அது நியாயமே இல்லை. பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) பேசி, பினாங்கு பொது மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். ஃபோலிக் அமிலம் இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.