நான் கூப்பிட்டால்தான் வருகிறார்கள்

கேள்வி: எனக்கு 39 வயது. பேராவூரணிப் பக்கம் சொந்த ஊர். பத்து வருடமாகக் கோவை சரவணம்பட்டியில் இருக்கிறேன். ஐ.டி. வேலை, பெரும்பாலும் வீட்டிலிருந்தே. கல்லூரியில் கூடப் படித்த நான்கு பேர் இதே ஊரில் இருக்கிறார்கள். நான் கூப்பிட்டால் வருவார்கள், நன்றாகத்தான் பேசுவார்கள். அவர்களாக ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எவ்வளவு நாள்தான் நாமே கூப்பிடுவது என்று நிறுத்திப் பார்த்தேன். ஏழு மாதமாகிறது, ஒரு போன் இல்லை. இந்த அபார்ட்மெண்டுக்குக் குடிவந்து இரண்டே வருடத்தில் என் மனைவிக்குப் பத்து தோழிகள். எனக்கு லிஃப்டில் தலையாட்ட மட்டும் ஆள் இருக்கிறது. மதிப்பில்லாத இடத்தில் மறுபடியும் போய் நிற்க வேண்டுமா?

- பெயர் வேண்டாம், கோவை

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நீங்களே வேகமாகத் தாண்டிப் போய்விட்டீர்கள். ‘நான் கூப்பிட்டால் வருவார்கள்.’ சனிக்கிழமை சாயங்காலம் காந்திபுரம் நெரிசலைத் தாண்டி, பிடிக்காத ஒருவரைப் பார்க்க யாரும் வண்டி எடுத்துக்கொண்டு வர மாட்டார்கள். ஏழு மாதமாக நீங்கள் வைத்தது ஒரு பரீட்சை. எழுதியவர்களுக்கோ அது பரீட்சை என்றே தெரியாது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் கூப்பிடாத கட்சி. திருச்சியில் வேலை பார்த்தபோது நண்பர் ஒருவர் ஞாயிறுதோறும் போன் செய்வார், அம்மா மண்டபம் படித்துறைக்குப் போவோம். ஒரு கட்டத்தில் போன் நின்றுபோனது. முதல் மாதம் நான் கவனிக்கவேயில்லை. இரண்டாவது மாதம், வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான்காவது மாதம் எடுத்த போனைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை நாள் விட்டுவிட்டு இப்போது என்ன சொல்லிப் பேசுவது என்று வெட்கம். கடைசியில் அவரே ஒருநாள் வீட்டுக்கு வந்து, “நீயா கூப்பிடுவியான்னு பாத்தேன்யா” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த மாதங்களில் அவரை நான் மதிக்காமல் இருந்ததேயில்லை, நம்பினால் நம்புங்கள்.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெக்கி லியூவும் மற்ற சில ஆய்வாளர்களும் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். வெகுநாள் பேசாத ஒருவரிடமிருந்து திடீரென்று ஒரு விசாரிப்பு வந்தால், அனுப்பியவர் நினைப்பதைவிட வாங்கியவர் அதிகமாகவே சந்தோஷப்படுகிறார் என்று 2022-ல் எழுதினார்கள். ஆகவே அந்த நான்கு பேருக்கும் மறுபடி போன் செய்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஏழு மாதக் கதையை மட்டும் எடுக்காதீர்கள்.

நீங்கள் பேராவூரணிக்காரர், மொய் விருந்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆடி பிறந்தால் உங்கள் பக்கம் பந்தலும் கறிச்சோறுமாகத்தான் இருக்கும். சாப்பிட வருகிறவர்கள் வைக்கிற மொய்ப்பணம் ஒரு ரூபாய் விடாமல் நோட்டில் ஏறும். ஆனால் செய்ததை அப்படியே அதே தொகையாகத் திருப்பினால் என்ன அர்த்தம்? கணக்கை முடித்துக்கொள்கிறான் என்று அர்த்தம். மேலே கொஞ்சம் கூட்டி எழுதினால்தான் போக்குவரத்து இருக்கும். நீங்களோ போன் கணக்கைச் சரிசமமாக்கப் பார்க்கிறீர்கள். அதிலும் யார் கூப்பிட்டது என்ற ஒரு பக்கத்தை மட்டும் புரட்டுகிறீர்கள். வீடு மாறிய அன்று பீரோவுக்குத் தோள் கொடுத்தவர், கைமாற்று கேட்டபோது எதற்கு என்று கேட்காமல் அனுப்பியவர் என்று அந்த நால்வரில் யாராவது இருந்தால், அதையும் அதே நோட்டில் எழுதுங்கள்.

சரி, எப்படிக் கூப்பிடுவது? இங்கேதான் பாதிப் பேர் தவறு செய்கிறோம். ‘ஒருநாள் பாக்கலாம்டா’ என்பது அழைப்பே இல்லை, விடைபெறும்போது சொல்கிற வார்த்தை. ‘எல்லாரும் எப்போ ஃப்ரீ?’ என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்பது அதைவிட மோசம். ஒருவர் கட்டைவிரலைப் போடுவார், ஒருவர் மாத முடிவு என்பார், அத்தோடு சரி. நாளையும் இடத்தையும் நீங்களே முடிவு செய்துவிட்டுச் சொல்லுங்கள்: ‘ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கு ரேஸ் கோர்ஸ்ல நடக்கப் போறேன். ஏழரைக்கு டீ. வர்றவன் வா.’ அந்தச் சுற்று இரண்டரை கிலோமீட்டர், இரண்டு தடவை வந்தால் ஐந்து. யாரும் வராவிட்டாலும் நடை மிச்சம். அடுத்த வாரமும் அதே நேரம், அதே இடம். நாலாவது வாரம் ஒருவர் தூக்கக் கலக்கத்தோடு வந்து நிற்பார், பாருங்கள். ஆண்களுக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. எதிரெதிரே உட்கார்ந்தால் சம்பளம், அரசியல், கிரிக்கெட் தாண்டி வாயில் எதுவும் வராது. பக்கத்தில் நடந்தால் அப்பாவின் ஆபரேஷன் பற்றிக்கூடப் பேச்சு வரும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு பிரியாணி என்று திட்டம் போடாதீர்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, அது போதாது என்கிறேன். கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. அறிமுகமானவர் சும்மா பழகுகிற நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும், நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பராக 200-க்கும் மேல். பிரியாணிக்கு மூன்று மணி நேரம் என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு, ஐம்பதைத் தொடவே நான்கு வருடம் தாண்டிவிடும். வாரம் இரண்டு மணி நேரம் என்றால் ஆறு மாதம். பழைய நண்பர்களிடம் உங்களுக்கு இந்த மணிக்கணக்கு ஏற்கெனவே சேமிப்பில் கிடக்கிறது. புதிதாகப் பிடிக்கிறவர்களுக்குத்தான் முதலிலிருந்து போட வேண்டும்.

நால்வரில் ஒருவர் ஒவ்வொரு முறையும் நழுவுகிறார் என்றால்? ‘இந்த வாரம் முடியாது, அடுத்த வாரம் வரட்டுமா’ என்பவரை விடாதீர்கள். மாற்றாக ஒரு நாளும் சொல்லாமல் மூன்று முறை ‘பாக்கலாம்’ என்றவரைத் தனியாக நச்சரிக்காதீர்கள், கோபமும் வேண்டாம். குழுவில் போடுகிற செய்தி அவருக்கும் போகட்டும்.

அப்புறம், மனைவியின் பத்து தோழிகள். அவர்கள் தானாக வந்து சேர்ந்ததாக நினைக்கிறீர்களா? சுண்டல் செய்த அன்று ஒரு டப்பா எதிர் வீட்டுக்குப் போயிருக்கும். நம் வீடுகளில் டப்பாவை வெறுமனே திருப்பித் தருகிற வழக்கமில்லை, இரண்டு வாழைப்பழமாவது வைத்துத்தான் வரும். வந்ததற்குப் பதிலாக இங்கிருந்து ஊறுகாய் போகும். இரண்டு வருடமாக டப்பா போய் வந்துகொண்டிருக்கிறது, நீங்கள் லேப்டாப்பில் மீட்டிங்கில் இருந்திருப்பீர்கள்.

இப்போதும் உங்கள் சமையலறையில் வேறு வீட்டு டப்பா ஒன்று இருக்கும். யாருடையது என்று மனைவியிடம் கேளுங்கள். உள்ளே என்ன வைப்பது என்றும் அவரையே கேளுங்கள். கொண்டுபோய்க் கொடுக்க மட்டும் இன்றைக்கு நீங்கள் போங்கள். கதவைத் திறக்கிறவர் அநேகமாக நீங்கள் லிஃப்டில் தலையாட்டுகிற ஆள்தான். ஞாயிற்றுக்கிழமை நடக்க வருகிறாரா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.