வாந்தியும் பேதியும்: ஒரு குழந்தை மருத்துவரின் பதில்கள்

கே: இரண்டு வயது மகனுக்குக் காலையிலிருந்து வாந்தி, பேதி. ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) கொடுத்தால் அதையும் கக்கிவிடுகிறான்.

ப: பத்து நிமிடம் விடுங்கள். அப்புறம் ஒரு தேக்கரண்டி, ஓரிரு நிமிடம் கழித்து இன்னொன்று. ஒரேயடியாகப் புகட்டினால்தான் திரும்பி வரும். பேதி போகும்போதும் சிறுகுடல் சர்க்கரையையும் உப்பையும் சேர்த்து உறிஞ்சும். தண்ணீர் அவற்றின் பின்னாலேயே உள்ளே போகும். 1971ல் வங்கதேச அகதிகளிடையே காலரா பரவி, முகாமில் சலைன் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இப்படி ஒரு கரைசலைக் குடிக்கக் கொடுத்துத்தான் ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் உப்பு ஏறிவிடும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை நிறுத்தவே கூடாது. கண் குழிந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தமோ வாந்தியில் பச்சையோ தெரிந்தாலோ உடனே மருத்துவமனை.

கே: ஆன்டிபயாட்டிக் தரலாமா?

ப: வேண்டாம். இந்த வயதில் வாந்தி, பேதிக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது.

கே: பேதியை நிறுத்தும் லோபரமைடு?

ப: குழந்தைக்குக் கூடவே கூடாது.

கே: வீட்டில் மற்றவர்களுக்குப் பரவாமலிருக்க சானிடைசர் போதுமா?

ப: போதாது. சோப்புப் போட்டு இருபது விநாடி கழுவுங்கள்.

கே: மருத்துவமனையிலேயே சானிடைசர்தானே வைத்திருக்கிறார்கள்? சோப்பும் இந்த வைரஸைக் கொல்லாது என்கிறார்களே!

ப: நல்ல கேள்வி. கொரோனா வைரஸுக்குக் கொழுப்பு உறை உண்டு. ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். வாந்தி, பேதி தரும் நோரோ, ரோட்டா வைரஸ்கள் இரண்டுக்கும் அந்த உறை இல்லை. அதிலும் நோரோவிடம் சானிடைசர் சரியாக எடுபடாது. சோப்பு கொல்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் கையிலிருந்து உரித்தெடுத்துத் தண்ணீரோடு அனுப்பிவிடுகிறது. நூறுக்கும் குறைவான துகள்களே நோய் தரும் என்றால், கையில் எதையும் விட்டுவைக்கக் கூடாது அல்லவா? வாந்தி பட்ட தரையைத் துடைத்துவிட்டு ப்ளீச்சிங் கரைசல் போடுங்கள். நோய் வந்தவர், வாந்தி, பேதி நின்ற பிறகும் இரண்டு நாள் சமைக்க வேண்டாம்.

கே: போன தடவை வாங்கிய ஆன்டிபயாட்டிக் மிச்சமிருக்கிறது...

ப: மேலே சொல்லிவிட்டேன். வேண்டாம்.

கே: தடுப்பூசி?

ப: ரோட்டாவுக்கு வாய்வழிச் சொட்டு மருந்து உண்டு, ஆறாவது வாரத்திலிருந்து. தள்ளிப்போடாதீர்கள்.

கே: ஒரு லிட்டர் பாக்கெட். பாதியை ஒரு டம்ளரில் கலந்துவிட்டேன், கொடுக்கலாமா?

ப: கொடுக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். புதுப் பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்குங்கள். இருபத்து நான்கு மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தையும் வைத்திருக்க வேண்டாம்.