ரவுட்டர் அடாப்டரும் கரண்ட் பில்லும்: கேள்வி பதில்

இருபது வருஷமாக வயரிங் வேலை பார்க்கும் நம் உறுப்பினர் ஒருவர் பதில் சொல்கிறார்.

அண்ணா, ஃபைபர் நெட் போட்டதிலிருந்து பில் ஏறிவிட்டது. அடாப்டரில் இன்புட் 240 வோல்ட், 0.5 ஆம்பியர் என்று இருக்கிறது. அப்படியென்றால் 120 வாட்டா?

பெருக்கியது சரி, பெருக்கிய இடம்தான் தப்பு தம்பி. அது அதிகபட்சமாக இழுக்கக்கூடிய அளவு. கீழே அவுட்புட் வரியைப் பாருங்கள். 12 வோல்ட், 1 ஆம்பியர் என்றால் உச்சமே 12 வாட். ரவுட்டர் அதையும் முழுசாக எடுக்காது. அடாப்டர் சூட்டில் போவதையும் சேர்த்து 9 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் ஏறியதற்கு ஏசியை விசாரியுங்கள்.

ரூபாயில் சொல்லுங்க சார்.

ஒரு வாட் சாதனம் 60 நாள் அணையாமல் ஓடினால் 1.44 யூனிட். இதை மட்டும் மனசில் வைத்தால் போதும். 9 வாட்டுக்கு 13 யூனிட். தமிழ்நாட்டில் 2024 ஜூலை கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 200 முதல் 400 யூனிட்டுக்குள் ஓடும் வீட்டுக்கு 60 ரூபாய் சொச்சம். ஆயிரத்தைத் தாண்டும் வீட்டுக்கு அதே ரவுட்டர் 150 ரூபாய். 100 யூனிட்டுக்குள் முடிக்கிறவர்களுக்கு அந்தச் செலவே கிடையாது.

அந்தக் கட்டணத்தில் ஒரு இடத்தில் மட்டும் உஷார். 490ல் நிற்கிற வீட்டை இந்த 13 யூனிட் 500க்கு மேலே தள்ளிவிட்டால், 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்த பாதி விலைச் சலுகை போய்விடும். அதிலேயே இருநூறு ரூபாய்க்கு மேல் கூடும்.

ராத்திரி அணைத்து வைக்கட்டுமா?

எட்டு மணி நேரம் அணைத்தால் இரண்டு மாதத்தில் நாலு யூனிட் சொச்சம். கேமரா ஓடுகிற வீட்டில் இதற்காக அணைப்பது வீண். ஊருக்குப் போனால் அணைத்துப் பிளக்கையும் கழற்றிவிடுங்கள், இடி மின்னலுக்கும் நல்லது.

ரவுட்டரைக் கழற்றிவிட்டு அடாப்டரை மட்டும் பிளக்கில் விட்டால்?

கையில் எடுத்துப் பாருங்கம்மா. செங்கல் மாதிரி கனமாக, சும்மா இருக்கும்போதே வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே பழைய இரும்பு டிரான்ஸ்பார்மர். அது ஒன்றிரண்டு வாட் தின்னும். லேசான புது வகை நல்ல தயாரிப்பாக இருந்தால் 0.1 வாட் அளவுதான்.

12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் போய்விட்டது. 2 ஆம்பியர் போட்டால் பில் கூடுமா?

கூடாது. ரவுட்டர் தனக்கு வேண்டியதைத்தான் எடுக்கும். வோல்ட் மட்டும் மாறக் கூடாது, பின்னின் பிளஸ் மைனஸும் பொருந்த வேண்டும்.

வீட்டிலேயே அளக்க வழி உண்டா?

மீட்டரில் 3200 இம்பல்ஸ் (ஒரு யூனிட்டுக்கு 3200 சிமிட்டல்) என்று அச்சிட்டிருந்தால், சிவப்பு விளக்கு ஒரு முறை சிமிட்டுவதற்கும் அடுத்ததுக்கும் இடையே எத்தனை நொடி என்று எண்ணுங்கள். 1125ஐ அந்த எண்ணால் வகுத்தால் வாட். முதலில் ஃப்ரிட்ஜையும் மற்றதையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு குண்டு பல்பை எரியவிட்டு எண்ணுங்கள். பிறகு ரவுட்டரையும் போட்டு எண்ணுங்கள். இரண்டு வாட் கணக்குக்கும் உள்ள வித்தியாசம்தான் ரவுட்டர். அதைத் தனியாக விட்டு அளக்காதீர்கள், அவ்வளவு சின்ன லோடைச் சில மீட்டர் சரியாக எடுக்காது.

என் வீட்டில் இப்படித் தேடியபோது மாட்டியது ரவுட்டர் இல்லை. பேட்டரி நிறைந்த பிறகும் 18 வாட் இழுத்துக்கொண்டிருந்த பழைய இன்வெர்ட்டர்.

அப்போ செட்டாப் பாக்ஸ்?

ரிமோட்டில் அணைத்தால் பல பாக்ஸ் தூங்குவதே இல்லை, மேலே கை வைத்தால் சுடும். சுவிட்சில் அணையுங்கள்.