இரண்டு வாரப் பயணமாக வெளிநாடு சென்று பிரசங்கிக்கவும் வேதாகமம் கற்பிக்கவும் விரும்புகிறேன். இறையியல் பட்டம் இல்லை. போகலாமா?

போகலாம். பட்டம் இல்லாதது ஒரு தடையே அல்ல. வேதத்தில் வல்லவன் என்று பெயரெடுத்த அப்பொல்லோவைத் தனியே அழைத்துக்கொண்டு போய் இன்னும் தெளிவாக விளக்கிச் சொன்ன ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் செய்து பிழைத்தவர்கள். எனக்கு இடிப்பது அந்த இரண்டு வாரம்தான். பவுல் கொரிந்துவில் ஒன்றரை ஆண்டு தங்கிப் போதித்தார். எபேசுவில் திறன்னு என்பவனுடைய பள்ளியில் இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் பேசினார்.

நீங்கள் ஒரு சபைக் குழுவோடு விடுமுறையில் கிளம்புகிறீர்கள், அந்த நாட்டு மொழி தெரியாது, மேடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நிற்பார் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தில் நிற்கிற ஆள்தான் நான். வெளிநாட்டிலிருந்து வரும் பிரசங்கியார்களுக்கு நெடுங்காலமாக மொழிபெயர்த்து வருகிறேன். பதிலில் கொஞ்சம் காரம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நற்செய்திக் கூட்டத்தின் கடைசி இரவு. பேசியவர் நல்ல மனிதர், உண்மையாக ஜெபிக்கிறவர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மூச்சுவிடாமல் பேசிவிட்டு, திடீரென்று நினைவு வந்தவர்போல என் பக்கம் திரும்புவார். அதற்குள் நான்கு கருத்துகள் ஓடியிருக்கும். இரண்டுதான் என் கையில் சிக்கும். முடிவில், இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். அதைச் சொன்னேன், சொல்லும்போதே என் கையையும் தூக்கிக் காட்டினேன். அரங்கம் முழுக்கக் கைகள். போதகரின் மனைவி, ஆர்மோனியம் வாசித்தவர், பல ஆண்டுகளாக ஞாயிறு பள்ளி நடத்தும் ஆசிரியை, அவருடைய பிள்ளைகள் என்று எல்லோரும் உயர்த்தினார்கள். விருந்தாளி கேட்கும்போது சும்மா உட்கார்ந்திருந்தால் அவர் மனம் என்ன பாடுபடும்! மேடையோரத்தில் அவருடன் வந்த ஒருவர், உள்ளங்கையில் அடங்கும் எண்ணும் கருவியை அழுத்திக்கொண்டே இருந்தார். என் கையையும் சேர்த்துத்தான் எண்ணியிருப்பார். பிறகு வந்த அறிக்கையில், அத்தனை கைகளும் அன்றிரவு மனந்திரும்பிய ஆத்துமாக்கள் ஆகியிருந்தன.

வில்லியம் கேரி என்ற மிஷனரி 1793-இல் வங்காளம் வந்தார். அங்கே முதல் ஞானஸ்நானம் கொடுத்தது 1800 டிசம்பரில். ராபர்ட் மாரிசன் 1807-இல் சீனாவுக்குப் போய் 1814-இல்தான் ஒருவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1813-இல் பர்மாவில் இறங்கிய அதோனிராம் ஜட்சன் 1819 வரை காத்திருந்தார். மூவரும் அந்தந்த மொழியில் வேதாகமத்தைக் கொண்டுவந்தவர்கள், கையாலாகாதவர்கள் அல்ல. இன்று ஒரே இரவில் அரங்கத்தையே கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

பெந்தெகொஸ்தே நாளில் மூவாயிரம் பேர் சேர்க்கப்படவில்லையா என்று ஒருவர் வந்து கேட்பார் என்று தெரியும். சேர்க்கப்பட்டார்கள். அவரவர் மொழியிலேயே கேட்டார்கள், அப்போஸ்தலருடைய போதனையில் உறுதியாகத் தரித்திருந்தார்கள் என்றும் அப்போஸ்தலர் நடபடிகளின் அதே இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. போதித்தவர்கள் மறுநாள் விமானம் ஏறிவிடவில்லை. மிஷனரிகளே வேண்டாம் என்று நான் சொல்வதாகவும் யாரும் திரிக்க வேண்டாம். மதம் மாறுவது சரியா தவறா என்று சண்டை போட விரும்புகிறவர்கள் வேறு பதிலுக்குப் போய்விடுங்கள்.

நான் மதிக்கும் ஒருவர் இருக்கிறார். பெரிய கூட்டமெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கிராமப் போதகர்கள் சிலரோடு ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார். பாடம் வேதாகமத்தின் யோனா புத்தகம். அதிகாரங்கள் மொத்தம் நான்கு. ஒரு காலைக்கு ஒன்று. மாலையில் அதே அதிகாரத்தைப் போதகர்களில் ஒருவர் நடத்த வேண்டும், மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். கடைசி மாலையில் வயதான போதகர் ஒருவர் எழுந்தார். "நினிவே முழுவதும் மனந்திரும்பியது, சரி. அதற்குப் பிறகு அந்த ஜனங்களுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது யார்? வெளியூர்ப் பிரசங்கியார் யோனா நகரத்துக்குக் கிழக்கே குடிசை போட்டுக்கொண்டு, கோபத்தில் வேடிக்கை பார்க்கப் போய்விட்டாரே!" என்று கேட்டார். மேசையோரமாக உட்கார்ந்திருந்த அந்த வெளிநாட்டு ஆசிரியரின் காதில் அதை நான் மெதுவாகச் சொன்னேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அன்று மாலை முழுக்க அவருக்குப் பாடம் நடத்தியவர்கள் அவர்கள்தான்.

உங்களிடம் இருப்பது இரண்டே வாரம் என்றால் இப்படிச் செலவழியுங்கள். நீங்கள் கிளம்பிய பிறகும் அங்கே இருக்கப்போகிற போதகர்களுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரே ஒரு புத்தகத்தை உருப்படியாகச் சொல்லிக்கொடுங்கள்.

விசா விஷயத்தில் விளையாட வேண்டாம். சுற்றுலா விசாவில் போய்ப் பிரசங்கிப்பதைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. இந்தியாவில் மிஷனரி விசா என்று தனி வகையே இருக்கிறது. நேபாளத்தில் 2018-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி, ஒருவரை மதம் மாற்றினால் ஐந்து ஆண்டுகள் வரை சிறை. அப்படிப்பட்ட இடங்களில் துணிச்சல் காட்டிவிட்டு நீங்கள் ஊர் திரும்பிவிடலாம். காவல் நிலையத்துக்கு அலைவது உங்களை அழைத்த போதகராகத்தான் இருக்கும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. நூறு பேர் உட்காரும் ஆலயத்துக்குள் எதற்காக ஐயா மைதானத்துக்கு வைக்கிற ஒலிபெருக்கிகள்? பக்கத்தில் நிற்கும் பிரசங்கியார் சொல்வதே என் காதில் விழுவதில்லை. நான் தப்பாகச் சொன்னதாக முன்வரிசையில் ஒருவர் தலையை ஆட்டுகிறார். ஒலியமைப்புக்காரரிடம் சொன்னால், அபிஷேகம் குறைந்துவிடும் என்கிறார்.

1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் இந்தியப் போதகர் வி. எஸ். அசரியா, மிஷனரிகளின் தியாகங்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அறிக்கைப் படங்களில் உள்ளூர்ப் போதகர் பெயரில்லாமல்தான் நிற்கிறார். உங்கள் அறிக்கையிலாவது அவர் பெயரைப் போடுங்கள், அவர் சம்மதித்தால். மொழிபெயர்ப்பாளருக்குப் பாடக் குறிப்புகளை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் தலைப்பைச் சொல்கிறவர்களை நான் போதுமான அளவு பார்த்துவிட்டேன்.